மஞ்சள் கண்ணாடி

ஜூன் 4

குட்டிக்கு,

போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு நான் எத்தனை முறை அடித்தாலும் எடுப்பதில்லை. சரி, எடுக்க வேண்டாம். பார்சலைத் திருப்பி அனுப்ப வழியில்லாதபடி வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். எனவே இதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உள்ளே கறுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டுத் தாளும் கைக்கு அடக்கமான ஊதா விளக்கும் இருக்கின்றன. எங்கள் ஆய்வகத்தில் இத்தனை வருடமாக நான் எதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. இதோடுதான். தாளில் ஒரு ரசாயனம் பூசியிருக்கிறோம். குடிநீரில் ஈயம் கலந்திருந்தால் அது ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டதும் ஊதா விளக்கில் ஒளிரும். ஈயம் இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அவ்வளவுதான். இதுவரை லட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரம் செய்த வேலையை இந்தத் துண்டுத் தாள் செய்யப்போகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே, சாதாரண வீடுகளில் சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டம் இது. நீ நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் இருப்பது பழைய வாடகை வீடு. பழைய வீடுகளில் குழாய் இணைப்புகளில் ஈயம் இருக்கும். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். வெளியே தெரியாமல் மூளை வளர்ச்சியிலேயே கை வைக்கும். அதனால் உன்னிடமிருந்து தொடங்குகிறேன். செய்முறைக் குறிப்பை நானே எழுதினேன். ஒரு வரியைக்கூடத் தாண்டிப் படிக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

காப்பகம் திறந்த அன்று நான் வராததைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

அக்கா

ஜூன் 10

விஞ்ஞானி அம்மா அவர்களுக்கு,

பார்சல் கிடைத்தது. முதலில் பிரிக்காமல் செருப்பு அலமாரி மேல் போட்டுவைத்தேன். பிறகு பெரியவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறாரே என்று பிரித்தேன்.

போனில் ஏன் பேசுவதில்லை என்றால், நீ பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சுகூட விடுவதில்லை. "மூக்கு தொடைச்சு விடற வேலைக்கா அத்தனை படிச்சே" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பேசும்போது நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்போது கிண்டலை நிறுத்துகிறேன். அக்கா, தாள் ஒளிர்ந்தது.

நீ எழுதியபடியே செய்தேன். முன்கூடக் குழாயில் பிடித்த தண்ணீரில் நனைத்தேன். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தேன். பொம்மை வைக்கிற அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஒருவேளை துணியில் அழுக்கு இருந்திருக்கும் என்று, வேறொரு துணியைச் சோப்புத் தூள் தாராளமாகப் போட்டுத் துவைத்துக் காயவைத்து மறுபடி செய்தேன். முன்பைவிட அதிகமாக ஒளிர்ந்தது.

இந்தத் தண்ணீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள். சுண்டெலி என்று ஒரு வாண்டு இருக்கிறாள். இங்கே வருகிறவர்களில் சின்னவள், பஸ் ஓட்டுகிறவரின் மகள். நாளெல்லாம் குழாயடியிலேயே நிற்பாள். அவளை இப்போது பார்க்கவே முடியவில்லை. என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

குட்டி

ஜூன் 13

குட்டிக்கு,

குழாயை மூடு. இன்றைக்கே மூடு. கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, அந்தத் தப்பைச் செய்துவிடாதே.

பெற்றோர் எல்லோரையும் கூப்பிட்டு நேரடியாகச் சொல்லிவிடு. "பார்க்கலாம்", "யோசிக்கலாம்" என்று இழுக்காதே. எதற்கும் தள்ளிப்போடுகிறவள் நீ. இதில் தள்ளிப்போட்டால் உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

கூரியரில் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உபரிக்கு. அடியில் சில துளி அமிலம் இருக்கிறது; காலி பாட்டில் என்று நினைத்துக் கழுவித் தொலைக்காதே. அது இருந்தால்தான் ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டாது. தண்ணீரைப் பிடித்து அனுப்பு. எவ்வளவு ஈயம் என்பதைப் பெரிய இயந்திரத்தில் பார்த்துவிடலாம். அளவுக்குத்தான் அது. இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகம் வேண்டாம். இந்தத் தாளை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்.

பயமாக இருந்தால் இப்போதாவது போனை எடு.

அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து, "தண்ணில ஈயம் இருக்கு, எங்க அக்கா கண்டுபிடிச்சிருக்காங்க" என்றேன். உன் படிப்பையும் சொன்னேன். அப்போதுதான் நம்புவார்கள் என்று தோன்றியது.

நம்பினார்கள். நம்பிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்காரர் முதலில் போனார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுண்டெலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்தார். அவள் தோளுக்கு மேல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நாளைக்கும் வருவோம் என்று நினைத்திருப்பாள்.

வீடு காலியாகிவிட்டது. குட்டி நாற்காலிகளை அடுக்கினேன், பிரித்துப் போட்டேன், மறுபடி அடுக்கினேன். உட்கார முடியவில்லை. யாராவது கேட்டைத் தட்டினால் ஓடுகிறேன். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்களாக இருக்கிறார்கள்.

பாட்டிலைக் கழுவாமல் அனுப்பியிருக்கிறேன். எதையும் தள்ளிப்போடுகிறவள் என்றாயே, பார்த்துக்கொள், இதைத் தள்ளிப்போடவில்லை. உன் தாளை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். தெரியட்டும். என்னையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்கலாம்.

குட்டி

ஜூன் 24

குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தண்ணீரில் ஈயம் இல்லை.

இயந்திரம் இல்லை என்றது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். இல்லை. உன் மேல்தான் கோபம் வந்தது, ஏதோ தாண்டிப் படித்திருப்பாய் என்று. உன் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். நீ எதையும் தாண்டவில்லை. நான் எழுதியதைத்தான் செய்திருக்கிறாய்.

ஆய்வகத்தில் ஊதா விளக்கைப் போடும்போது கண் கெட்டுவிடாமல் இருக்க நாங்கள் மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதை மாட்டியே பழக்கம். நேற்று வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கியது. துடைக்கலாம் என்று விளக்கை அணைக்காமலேயே கழற்றினேன். என் கோட்டின் கைமடிப்பு நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டினேன், ஒன்றும் இல்லை. கழற்றினேன், பளிச்சென்று நீலம்.

சோப்புத் தூளில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒரு பொருள் சேர்ப்பார்கள். அது ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஈயம் பட்ட எங்கள் தாள் பச்சையாக ஒளிரும். மஞ்சள் கண்ணாடி நீலத்தை மறைத்துவிட்டுப் பச்சையை மட்டும் விடும். அதனால் நாங்கள் யாரும் நீலத்தைப் பார்த்ததே இல்லை. ஒற்றி எடுக்கவும் நாங்கள் துணியைத் தொடுவதில்லை, வடிதாள்தான். வீட்டில் வடிதாளுக்கு எங்கே போவார்கள் என்று "சுத்தமான துணி" என எழுதினேன். என்ன நிறம் என்று எழுதவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. ஒற்றும்போது சோப்புத் தூளின் அந்தப் பொருள் துணியிலிருந்து ஈரத் தாளில் ஒட்டிக்கொண்டது; நீ எவ்வளவு சுத்தமாகத் துவைத்தாயோ அவ்வளவு ஒளிர்ந்திருக்கிறது.

"பயன்படுத்துபவரின் பிழை" என்று பதிவு செய்துவிடலாம் என்றார் எங்கள் தலைவர். முடியாது என்று சொல்லிவிட்டேன். தாள் இப்போதைக்கு வெளியே போகாது. பெற்றோருக்குக் காட்ட, பிழை என்னுடையது என்று கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். என் மஞ்சள் கண்ணாடியும் ஒரு பெட்டி வடிதாளும் இதில் இருக்கின்றன. எனக்கு வேறு கண்ணாடி வாங்கிக்கொள்வேன்.

காலி நாற்காலிகளை அடுக்கினேன் என்று நீ எழுதியது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. மன்னித்துவிடு. இந்த வார்த்தையை உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

படித்ததும் பாத்திரங்களைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. எல்லாம் பிளாஸ்டிக் தட்டு, உடையவில்லை.

சோப்புத் தூள். கடைசியில் சோப்புத் தூள். ஊரைக் கூட்டி என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது சோப்புத் தூளுக்காக. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அதே கதையைச் சொல்லி அசடு வழிந்தேன். தையல்காரம்மா சிரித்துவிட்டார். ஒருத்தர் கதவையே திறக்கவில்லை. பஸ்காரர் மட்டும் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "உங்க அக்கா எனக்குத் தெரிஞ்ச படிச்சவங்க மாதிரி இல்லியே, தப்புன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். நல்லதுக்குச் சொன்னாரா குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை.

ஆனாலும் வருகிறார்கள். திங்கள்கிழமையிலிருந்து பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். சுண்டெலியும் வந்துவிட்டாள். "ஈயம் டீச்சர்" என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் இல்லை, பெற்றவர்கள். போகட்டும்.

நீ மன்னிப்புக் கேட்டதை நம்ப முடியாமல் கையெழுத்தைச் சரிபார்த்தேன். உன்னுடையதுதான். மன்னிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தள்ளிப்போடுகிறவள்தானே நான்.

குட்டி

ஜூலை 9

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. வருகிற வரை காத்திருக்க முடியவில்லை.

இன்று காலை குழந்தைகள் வருவதற்கு முன் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். உன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வடிதாளில் ஒற்றி, வீட்டில் இருக்கிற குழாய் எல்லாவற்றையும் பார்த்தேன். முன்கூடம், ஒன்றும் இல்லை. சமையல்மேடை, ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே பின்னறைக்குப் போனேன். அங்கே தரையோடு ஒட்டிய ஒரு குட்டைக் குழாய் இருக்கிறது. குழந்தைகளுக்கு எட்டுகிற உயரம். அவர்களே பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன்.

பச்சை. கண்ணாடியோடும் பச்சை, கண்ணாடி இல்லாமலும் பச்சை. சோப்பு பட்ட துணி எதுவும் பக்கத்திலேயே இல்லை. புதுத் தாள், புது டம்ளர், மறுபடி பச்சை. மதியம் அதே குழாயில் மறுபடி பிடித்துப் பார்த்தால் மங்கிவிட்டது, இருந்ததாகவே சொல்ல முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று இருக்கிறது.

குழாயைத் துணி கட்டி மூடிவிட்டேன். சுண்டெலி என் முந்தானையை இழுத்து, "ஏன் கட்டினே?" என்று கேட்டாள். குழாய்க்கு உடம்பு சரியில்லை என்றேன்.

யாருக்கும் தெரியாது. எனக்கும் உனக்கும் மட்டும்தான். ஆளைக் கூட்டிவந்து குழாயைச் சத்தம் போடாமல் அடைத்துவிட்டால், நாளையிலிருந்து ஒரு ஆபத்தும் இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டியதும் இல்லை. மறுபடி வாசலில் நின்று "தண்ணில ஈயம்" என்று நான் சொன்னால், யார் இருப்பார்கள்? இந்தக் காப்பகம் அன்றோடு முடிந்தது. ஆனால் இத்தனை மாதமும் அவர்கள் அதைத்தானே குடித்தார்கள். சொல்லாவிட்டால் யார் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்?

உன் பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. காலைத் தண்ணீரை இதனுடன் அனுப்புகிறேன். சொல்லு அக்கா. இந்தத் தடவை நிறம் கேட்டுவிட்டுச் சொல்லு.

குட்டி

ஜூலை 12

குட்டிக்கு,

பாட்டில் வந்துவிட்டது. இயந்திரத்தில் எங்களுக்கு முன்னால் வேறு பிரிவுக்காரர்கள் இருக்கிறார்கள். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன். இன்னும் சில நாள் ஆகும் என்கிறார்கள். வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். இரண்டு முறை உனக்கு அடித்தேன். மணி அடித்து நின்றது.

காலையில் பச்சை, மதியம் இல்லை என்றாயே, நீ பைத்தியமில்லை. ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ளேயே தேங்கி நிற்கும் தண்ணீரில் ஈயம் ஊறும். பிடிக்கப் பிடிக்க வெளியேறிவிடும். முன்கூடக் குழாய் புதியதாக இருக்கும், பின்னறைக் குழாய் வீட்டோடு வந்த பழையதாக இருக்கும்.

அது உண்மையான பச்சை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் போன தடவையும் தோன்றியது. அதனால், குழாயை அடைத்துவிடு. முடிவு வரும்வரை யாரிடமும் சொல்லாதே. இன்னொரு தடவை பொய்யாகிவிட்டால் உன்னால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. என்னால் இன்னொரு தடவை உன்னை அந்த நிலைமையில் நிறுத்த முடியாது. அன்றைக்குத் தள்ளிப்போடாதே என்று அதட்டியவள் இன்றைக்குப் பொறு என்கிறேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பயம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

பொறு, குட்டி.

அக்கா

ஜூலை 17

குட்டி,

முடிவு வந்துவிட்டது. பச்சை உண்மைதான். அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது. சொல்லிவிடு. குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லு. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், கூரியர்காரர் காத்திருக்கிறார்.

அக்கா

ஜூலை 19

அக்காவுக்கு,

உன் சீட்டு நேற்று வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே நான் சொல்லிவிட்டேன்.

பொறு என்று எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் பொறுத்தேன். நீ அடித்தபோது போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் நீ சொல்வதற்கு உம் கொட்டிவிடுவேன் என்று பயந்து எடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தானே. மறுநாள் சுண்டெலி மூடின குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து, அந்தத் துணிக்கட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் சரியாகலியா?" என்றாள். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

இந்தத் தடவை நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. உன் பெயரையும் உன் படிப்பையும் இழுக்கவில்லை. காலைத் தண்ணீரில் நனைத்த தாளையும், முன்கூடக் குழாயில் நனைத்த தாளையும், சோப்புத் தூளில் துவைத்த துணியையும் அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். அழைத்துப்போக வந்தவர்களிடம், முதலில் வெறும் கண்ணால் பாருங்கள், அப்புறம் கண்ணாடி மாட்டிப் பாருங்கள் என்றேன். வெறும் கண்ணில் நீலமும் பச்சையும் தெரியும். கண்ணாடி மாட்டினால் நீலம் போய்விடும், பச்சை போகாது. ஒரே ஒரு கண்ணாடி கை மாறிக்கொண்டே வந்தது. தையல்காரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பஸ்காரர் வெகுநேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். அப்புறம் என்னிடம் கேட்டார்:

"யாருக்கும் தெரியாம அடைச்சிருக்கலாமே. ஏன் சொன்னீங்க?"

"உங்க பொண்ணு அந்தக் குழாய்லதான் குடிச்சா" என்றேன். அழுதுவிட்டேன். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். போன தடவை மாதிரியே தோளில் போட்டுக்கொண்டு. முடிந்தது என்று நினைத்துக் கேட்டைச் சாத்தினேன்.

நேற்றுக் காலை கேட் தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்களாக இருக்கும் என்று மெதுவாகத்தான் போனேன். பஸ்காரர் நிற்கிறார். ஒரு கையில் சுண்டெலி, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். "இது எங்க வீட்டுக் குழாய்ல காலைல பிடிச்சது. பாத்துச் சொல்லுங்க" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொரு பாட்டிலோடு. பட்டப்பெயர் வைத்தவர்களும் இருந்தார்கள். இரண்டு குடும்பம் வரவில்லை, இனி வர மாட்டார்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

தாள் தீர்ந்துவிட்டது. இருப்பதை எல்லாம் அனுப்பு. செய்முறைக் குறிப்பைத் திருத்தி எழுது. நிறத்தை முதல் வரியிலேயே போடு. கண்ணாடியைத் திருப்பித் தர மாட்டேன்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நானும் கொடுத்தேன், டீ போட அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடிப்பேன் என்பது பஸ்காரர் கேட்டபோதுதான் உறைத்தது. முடிவு வியாழக்கிழமை வரும். ஊசிக்குச் சுண்டெலி அழவில்லை, அவள் அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடிதம் எழுதும்போதுகூட நாலு தடவை எழுந்து போய் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைத் தனியாகப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. எண்ணைப் பார்த்து இது பரவாயில்லை, இது ஆபத்து என்று சொல்ல உனக்குத்தான் தெரியும். பதில் எழுதாதே, வா. திறந்த அன்றைக்கு வராததை அப்போது பேசிக்கொள்ளலாம்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எங்கள் தண்ணீரில் ஈயம் இருந்தது என்று கேட்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்த வீடுதான்.

குட்டி